தோத்தது ஆன்லைனா, 120 ரகமா?

கேள்வி: மேடம், நானும் என் அண்ணனும் பை தைக்கிற யூனிட் நடத்துறோம், எட்டு வருஷம் ஆச்சு. முதல் மூணு வருஷம் கம்பெனிகளுக்கு மொத்தமா லேப்டாப் பை தைச்சுக் குடுத்தோம், சூப்பரா போச்சு. அதுல ஒரு 70 சதவீதம் ஒரே கம்பெனி ஆர்டர், அங்க பர்ச்சேஸ்ல அண்ணனோட காலேஜ் ஃப்ரெண்ட் இருந்தார். அந்த தைரியத்துல சொந்த பிராண்ட் போட்டு ஆன்லைன்ல இறங்கினோம். 40 டிசைன், ஒவ்வொண்ணும் மூணு கலர். எட்டு டிசைன் சடசடன்னு வித்துச்சு, மீதி நகரவே இல்ல, ஒன்றரை வருஷத்துல மூடிட்டோம், பாதி சரக்கு இன்னும் குடோன்ல கெடக்கு. அப்புறம் பழையபடி மொத்த ஆர்டர், ஒருவழியா கடன் அடைச்சாச்சு. இப்ப பெருசு பண்ணலாம்னு பேச்சு எடுத்தா அண்ணன் "ஆன்லைன் பேச்சே எடுக்காத, பட்டது போதும், நமக்கு மொத்த ஆர்டர்தான் ராசி, லோன் போட்டு மிஷினை ரெண்டு மடங்காக்குவோம்"ங்கிறார். எனக்கு மனசு ஒப்பல, ஆனா எதிர்த்துப் பேச காரணமும் கிடைக்கல. தோல்விதான் பெரிய வாத்தியார்னு எல்லாரும் சொல்றாங்க, எங்க வாத்தியார் என்ன பாடம் நடத்தினார்னே புரியல. பழைய வெற்றி தோல்வில இருந்து எப்படிதான் கத்துக்கிறது?

பதில்:

தங்கச்சி, உங்க கடிதத்துல ரெண்டு விஷயத்தை போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க. ஒண்ணு, 70 சதவீதம் ஒரே கம்பெனி, அங்க அண்ணனோட ஃப்ரெண்ட். இன்னொண்ணு, எட்டு டிசைன் சடசடன்னு வித்துச்சு. நீங்க கேட்ட கேள்விக்கு பதில் இந்த ரெண்டு வரிலயே இருக்கு, நான் அதை கொஞ்சம் பிரிச்சுக் காட்டப் போறேன், அவ்வளவுதான்.

முதல்ல அந்த வாத்தியார் விஷயம். இருபத்தஞ்சு வருஷமா ஆடிட்டரா கணக்கு பாக்குறேன், தோத்தவங்க எல்லாரும் கத்துக்கிட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது. நிறைய பேர் பயப்பட மட்டும்தான் கத்துக்கிட்டாங்க. இதை ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. ஹார்வர்டுல பால் காம்பர்ஸ்னு ஒரு பேராசிரியரும் அவர் கூட மூணு பேரும் சேர்ந்து, முதலீட்டாளர் பணம் வாங்கி கம்பெனி ஆரம்பிச்சவங்களை எடுத்துப் பாத்தாங்க, கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனா வெற்றின்னு வெச்சுக்கிட்டாங்க. 2008ல வந்த அவங்க கட்டுரைப்படி, ஏற்கனவே ஒரு தடவை ஜெயிச்சவங்க அடுத்த கம்பெனிலயும் ஜெயிக்கிற வாய்ப்பு 30 சதவீதம், புதுசா வர்றவங்களுக்கு 18 சதவீதம், ஏற்கனவே தோத்துட்டு வர்றவங்களுக்கு 20 சதவீதம். 18க்கும் 20க்கும் பெரிய வித்தியாசமா சொல்லுங்க. ஒரு கம்பெனியையே ஏத்தி இறக்கினவங்களுக்கு அந்த தோல்வி குடுத்தது ஏறக்குறைய ஒண்ணுமே இல்லன்னுதான் எனக்குப் படுது. தோல்வி தானா வந்து பாடம் நடத்தாது, நாமதான் உக்காந்து அதை தோண்டணும், அதுவும் சரியான இடத்துல தோண்டணும். நீங்களும் அண்ணனும் இன்னும் தோண்டவே இல்ல, மூடி மேல கல்லை வெச்சுட்டு "இங்க பேய் இருக்கு"ன்னு எழுதி வெச்சிருக்கீங்க.

ஏன் தோண்டுறது கஷ்டம்னா, முடிவு தெரிஞ்சுபோச்சு இல்லையா, தெரிஞ்சதுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கும்னு தோணிடும். பாருக் ஃபிஷ்ஹாஃப்னு ஒரு உளவியல்காரர் 1975ல ஒரு சோதனை வெளியிட்டார். 1814ல பிரிட்டிஷ்காரங்களுக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு குடுத்து படிக்க வெச்சார், சில பேர்கிட்ட பிரிட்டிஷ் ஜெயிச்சதுன்னு சொன்னார், சில பேர்கிட்ட கூர்க்கா ஜெயிச்சாங்கன்னு, இன்னும் சில பேர்கிட்ட இழுபறில முடிஞ்சதுன்னு. அப்புறம் முடிவே தெரியாம இந்தக் குறிப்பை மட்டும் படிச்சிருந்தா எது நடக்கும்னு நினைச்சிருப்பீங்கன்னு கேட்டா, அவங்கவங்களுக்கு எந்த முடிவு சொல்லப்பட்டுச்சோ அது நடக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லிட்டாங்க. குறிப்பு எல்லாருக்கும் ஒரே குறிப்புதான்! உங்க அண்ணன் "எனக்கு அப்பவே தெரியும் ஆன்லைன் நமக்கு ஆகாதுன்னு" அப்படின்னு சொல்றாரா இல்லையா, கண்டிப்பா சொல்லுவார், பொய் சொல்லல, அவருக்கு இப்ப நிஜமாவே அப்படித்தான் ஞாபகம் இருக்கும். அப்ப 40 டிசைனுக்கும் துணி வாங்க கூடவே போனவர் அவர்தானே.

அதனால முதல் வேலை, ஞாபகத்தை நம்பாதீங்க. அந்த ஒன்றரை வருஷத்து பில், துணி வாங்கின கணக்கு, அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவுல போன வாட்ஸ்அப் மெசேஜ், எது எந்த மாசம் வித்துச்சுங்கிற ரிப்போர்ட், எல்லாத்தையும் தேதி வாரியா எடுத்து வைங்க. அன்னிக்கு உங்க கைல என்ன தகவல் இருந்துச்சு, அதை வெச்சு எடுத்த முடிவு சரியாங்கிறதுதான் கேள்வி, கடைசில லாபமா நஷ்டமாங்கிறது வேற கேள்வி. நல்ல முடிவு எடுத்தும் நஷ்டப்படலாம், கிறுக்குத்தனமா முடிவெடுத்தும் சம்பாதிக்கலாம். ரெண்டாவதுதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா யாரும் அதை திரும்பிப் பாக்க மாட்டாங்க.

அதான் நான் உங்க தோல்விக்குப் போறதுக்கு முன்னாடி வெற்றிக்குப் போறேன். "மொத்த ஆர்டர்தான் எங்களுக்கு ராசி"ங்கிறார் அண்ணன். முதல் மூணு வருஷத்துல ஓடினது மொத்த ஆர்டரா, இல்ல ஒரு ஃப்ரெண்டா? அந்த ஃப்ரெண்ட் அந்த சீட்ல இல்லாம வேற ஒருத்தர் இருந்திருந்தா உங்க பை அந்தக் கம்பெனிக்குள்ள போயிருக்குமா? போயிருக்கலாம், பை நல்லா இருந்ததாலதானே மூணு வருஷம் தொடர்ந்து வாங்கினாங்க, சும்மா நட்புக்காக யாரும் மூணு வருஷம் கிழிஞ்ச பை வாங்க மாட்டாங்க. ஆனா முதல் கதவைத் திறந்தது யாருன்னு தெரியாம அதே மாதிரி பத்து கதவு திறக்கும்னு லோன் போடக்கூடாது. பெரிய கம்பெனிகளுக்கு ஐஎஃப்ஆர்எஸ் 8ன்னு ஒரு சர்வதேச கணக்கு விதி உண்டு, வருமானத்துல 10 சதவீதமோ அதுக்கு மேலயோ ஒரே கஸ்டமர்கிட்ட இருந்து வந்தா அதை அறிக்கைல சொல்லியே ஆகணும். பத்து சதவீதத்துக்கே முதலீட்டாளரை உஷார்படுத்தச் சொல்றாங்க, உங்களுக்கு 70. இப்ப இந்த ரெண்டாவது இன்னிங்ஸ்ல அது எத்தனைன்னு நீங்க எழுதல, அதைத்தான் நான் முதல்ல கேட்பேன்.

ஜெயிச்சதை தப்பா படிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு ரான் ஜான்சன் கதை சொல்றேன். ஆப்பிள் கம்பெனியோட கடைகளை உருவாக்கினவர், அந்தத் துறைல அவரைவிட பேர் வாங்கினவங்க அப்ப யாரும் இல்லன்னே சொல்லலாம். 2011 நவம்பர்ல ஜேசி பென்னின்னு அமெரிக்காவுல ஒரு பழைய பெரிய கடைத்தொடருக்குத் தலைமை ஏத்தார். அங்க கூப்பனும் தள்ளுபடியும்தான் வியாபாரமே, அதைத் தேடித்தான் ஜனங்க வருவாங்க. இவர் வந்த வேகத்துல, 2012 ஆரம்பத்துலயே அதையெல்லாம் தூக்கிட்டு எப்பவும் ஒரே விலைன்னு மாத்தினார், நாலஞ்சு கடைல வெச்சு பாத்துட்டு பண்ணலாம்னுகூட இல்ல, எல்லா கடையிலயும் ஒரே சமயத்துல. அந்த ஒரு வருஷத்துல விற்பனை சுமார் 1,700 கோடி டாலர்ல இருந்து 1,300 கோடி டாலருக்கு வந்துடுச்சு, கால்வாசி அப்படியே காலி, 2013 ஏப்ரல்ல அவரையும் அனுப்பிட்டாங்க. தள்ளுபடி இல்லாம விக்கிறது ஆப்பிள்ல ஓடினதுக்குக் காரணம் அந்தப் பொருள் வேற கடைல அதைவிட சல்லிசா கிடைக்காது, ஜனங்களும் அதுக்காகவே வருவாங்க. கடையை மட்டும் அங்க தூக்கிட்டுப் போனார், காரணத்தைத் தூக்கிட்டுப் போக முடியல.

என் கதையும் கொஞ்சம் இருக்கு, சொல்ல வெக்கம்தான். நான் தனியா ஆபீஸ் போட்டப்ப முதல்ல எடுத்த ரெண்டு அசிஸ்டென்ட்டும் தங்கமா அமைஞ்சாங்க, அஞ்சு நிமிஷம் பேசியே எடுத்தேன். உடனே எனக்கு ஆளைப் பாத்தே எடை போடத் தெரியும்னு ஒரு நினைப்பு. அடுத்த நாலு பேர்ல மூணு பேரை ஆறு மாசத்துக்குள்ள அனுப்ப வேண்டியதாச்சு, கடைசில யோசிச்சா அந்த முதல் ரெண்டு பேரையும் அனுப்பி வெச்சது எனக்கு தொழில் கத்துக் குடுத்த சீனியர், அவங்களை வருஷக்கணக்கா கூட வெச்சுப் பழகினவர். எடை போட்டது அவர், மார்தட்டிக்கிட்டது நான்.

சரி, இப்ப உங்க தோல்விக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 40 டிசைன், மூணு கலர், ஆக 120 ரகம். ஒரு ரகத்துக்கு 50 பைன்னே வெச்சுக்குவோம், நீங்க இன்னும் கூடத்தான் தைச்சிருப்பீங்க, அப்பவே 6,000 பை. அதாவது முதல் கஸ்டமர் ஒரு பை வாங்குறதுக்கு முன்னாடியே 6,000 பைக்கு துணி, ஜிப், ரன்னர், லைனிங், தையல் கூலி எல்லாம் போட்டு முடிச்சாச்சு. ஏன் அப்படி பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும், மொத்த ஆர்டர் எடுத்து எடுத்து பழகின கை. மொத்த ஆர்டர்ல விக்கிறதுக்கு முன்னாடியே வித்தாச்சு இல்லையா, ஆர்டர் வந்துடுச்சுன்னா எத்தனை தைச்சாலும் போயிடும், நிறைய தைச்சா செலவு கம்மி. அந்தப் பழக்கத்தோட அப்படியே சொந்த பிராண்டுக்குள்ள வந்துட்டீங்க, இங்க எது போகும்னு யாருக்கும் தெரியாது. அண்ணன் ராசின்னு சொல்ற அந்த மூணு வருஷ வெற்றிதான் உங்க ஆன்லைன் தோல்வியை தைச்சுக் குடுத்துச்சு, அதைக் கவனிச்சீங்களா?

அப்புறம் அந்த எட்டு டிசைன். சடசடன்னு வித்துச்சுங்கிறீங்க, வித்தப்ப ஏன் திரும்ப தைக்கல? நான் நினைக்கிறது சரின்னா கைல காசு இல்ல, காசு பூரா மீதி 32 டிசைன்ல மாட்டிக்கிச்சு. 40க்கு எட்டுன்னா அஞ்சுல ஒண்ணு ஓடியிருக்கு, புதுசா இறங்கின ஆளுக்கு இது மோசமே இல்ல. ஆன்லைன் உங்களை கைவிடல தங்கச்சி, எது வேணும்னு அது கரெக்டா கைகாட்டிச்சு, அந்தப் பக்கம் போக பெட்ரோல் இல்லாம நின்னுட்டீங்க.

இப்படி தோல்விக்குள்ள கெடந்த பொருளை எடுத்து ஜெயிச்சவர் ஒருத்தர் இருக்கார், ஸ்டீவர்ட் பட்டர்ஃபீல்ட். ஒரு ஆன்லைன் விளையாட்டு பண்ணப் போனார், அது நடக்கல, அதுக்காக செஞ்சு வெச்சிருந்த படம் பகிர்ற வசதி 2004ல ஃபிளிக்கர்னு தனியா வந்துச்சு. விட்டாரா மனுஷன், மறுபடி கிளிட்ச்னு இன்னொரு விளையாட்டு, அதையும் 2012 கடைசில மூடினாங்க. அந்த விளையாட்டை உருவாக்குறப்ப டீம் ஆளுங்க தங்களுக்குள்ள பேசிக்க ஒரு சாட் கருவி செஞ்சு வெச்சிருந்தாங்க, அதுதான் ஸ்லாக். 2021ல சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனி அதை 2,700 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கிச்சு. "விளையாட்டு நமக்கு ராசி இல்ல"ன்னு மொத்தமா குப்பைல போட்டிருந்தா அந்தக் கருவியும் சேர்ந்துதான் போயிருக்கும். எல்லாருக்கும் இப்படி புதையல் கிடைக்கும்னு சொல்ல வரல, மூடுற கடைல என்ன வேலை செஞ்சதுன்னு ஒரு கணக்கு எடுத்துட்டு மூடுங்கன்னுதான் சொல்றேன்.

குடோன்ல கெடக்குற அந்த பாதி சரக்கை பத்தி கண்டிப்பா பேசணும். அதை உங்க கணக்குல இன்னும் தைச்ச விலைக்கே வெச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், நிறைய பேர் அப்படித்தான். கணக்கியல் விதி என்ன சொல்லுதுன்னா, ஆன செலவு, இப்ப வித்தா கைக்கு வர்ற தொகை, ரெண்டுல எது கம்மியோ அந்த மதிப்புதான் போடணும். அந்த விதி சும்மா ஃபார்மாலிட்டிக்கு இல்ல, நஷ்டத்தை நஷ்டம்னு ஒத்துக்க வைக்கிறதுக்கு. அதை எழுதித் தள்ளாத வரைக்கும் அண்ணன் அந்த குடோன் வழியா போறப்பல்லாம் மனசுல ஒரு முள்ளு குத்தும், நீங்க ஆன்லைன்னு வாயைத் திறந்தா அந்த முள்ளுதான் பதில் சொல்லும். என்ன விலை கிடைக்குதோ அதுக்கு தள்ளிவிடுங்க, ஆனா தள்ளுறதுக்கு முன்னாடி எது எத்தனை மீதின்னு எண்ணி எழுதிக்கங்க, பாதிக்கு பாதி பணம் குடுத்து நீங்க வாங்கின தகவல் அது.

இப்ப அண்ணன் சொல்ற மிஷின் ரெண்டு மடங்கு விஷயம். அவரை முட்டாள்னு நினைச்சுடாதீங்க, கடனை அடைச்சுக் குடுத்தது மொத்த ஆர்டர்தான், அதுக்கு அவர் மரியாதை குடுக்கிறார், நியாயம்தான். ஆனா எனக்கு பயம் மிஷின் விலை இல்ல, அதுக்குப் பின்னாடி வர்ற ரொட்டேஷன் பணம். நீங்க எத்தனை நாள் கிரெடிட் குடுக்கிறீங்கன்னு தெரியல, 90 நாள்னு வெச்சுக்குவோம், அப்ப எந்த நேரத்துலயும் மூணு மாச விற்பனைப் பணம் வெளில நிக்கும். துணிக்காரருக்கு 30 நாள்ல குடுக்கணும்னா நடுவுல 60 நாளை நீங்கதான் தாங்குறீங்க, தைக்கிற நாளையும் சேர்த்தா இன்னும் கூட. விற்பனை ரெண்டு மடங்கானா இந்தப் பள்ளமும் ரெண்டு மடங்கு. லாபத்துல ஓடுற யூனிட் சம்பளம் குடுக்க காசில்லாம நிக்கிறது இப்படித்தான், நான் நிறைய பாத்திருக்கேன், லாப நஷ்டக் கணக்குல சிரிப்பாங்க, பேங்க் ஸ்டேட்மென்ட்ல அழுவாங்க. இதுல ஒரு பெரிய பார்ட்டி பேமென்ட்டை இழுத்தடிச்சான்னா, இல்ல பர்ச்சேஸ்ல ஆள் மாறினான்னா, மிஷின் தவணை மட்டும் தேதி தவறாம வரும்.

அதனால நான் அண்ணன்கிட்ட மிஷின் வேணாம்னு சொல்ல மாட்டேன், எந்த ஒரு பார்ட்டியும் மொத்த விற்பனைல மூணுல ஒரு பங்குக்கு மேல இல்லங்கிற நிலைமை வந்த பிறகு போடுங்கன்னு சொல்வேன். அதுவரைக்கும் கூடுதல் ஆர்டர் வந்தா வெளில ஜாப் ஒர்க் குடுங்க, அதாவது வேற யூனிட்ல கூலிக்குத் தைச்சு வாங்குங்க, லாபம் கொஞ்சம் குறையும், பரவால்ல, அந்த ஆர்டர் நிரந்தரமா இல்லையான்னு தெரிஞ்சுக்க குடுக்கிற கட்டணம்னு வெச்சுக்கங்க.

அண்ணன்கூட எப்படி உக்காந்து பேசறதுங்கறது அடுத்தது. அமெரிக்க ராணுவத்துல 1970கள்ல இருந்து ஒரு பழக்கம், பயிற்சி முடிஞ்ச கையோட எல்லாரும் உக்காந்து நாலு கேள்வி பேசுவாங்க, என்ன நடக்கணும்னு நினைச்சோம், நிஜத்துல என்ன நடந்துச்சு, ஏன் வித்தியாசம் வந்துச்சு, அடுத்த தடவை எதை விடுறோம் எதை வெச்சுக்கிறோம். அங்க ஆபீசர், சிப்பாய்ங்கிற வித்தியாசம் இல்லாம பேசணும்ங்கறது முறை, யார் தப்புன்னு தேடவும் கூடாது. உங்க வீட்டுல அண்ணன் தங்கச்சிங்கிற ரேங்க் ராணுவத்தைவிட கஷ்டம்னு எனக்குத் தெரியும்! அதனால ஒரு வழி சொல்றேன், பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் தனித்தனியா பேப்பர்ல எழுதிடுங்க, எழுதினதை மாத்திப் படிங்க, அப்புறம் பேசுங்க. முதல்ல முதல் மூணு வருஷ வெற்றியை எடுங்க, ஆன்லைன் தோல்வியை எடுத்தா சண்டைதான் வரும். ஜெயிச்சதைப் பத்தி பேசறப்ப யாருக்கும் உடம்பு விறைக்காது, அதுல "ஃப்ரெண்ட் இல்லாம இருந்தா?"ங்கிற கேள்வி தானா வரும், அதை அண்ணன் வாயாலயே வரவிடுங்க, நீங்க முந்திக்காதீங்க.

இனிமே எடுக்கிற எந்தப் பெரிய முடிவுக்கும், எடுக்கிற அன்னிக்கே ஒரு பக்கம் எழுதி வைங்க. என்ன நடக்கும்னு எதிர்பாக்குறோம், எதை நம்பி, எந்தத் தேதிக்குள்ள எத்தனை வித்தா தொடருவோம், எத்தனைக்குக் கீழ போனா நிறுத்துவோம். ஆறு மாசம் கழிச்சு "அப்பவே தெரியும்"னு யாராச்சும் சொன்னா அந்தப் பக்கத்தைக் காட்டலாம். கேரி க்ளைன்னு ஒரு உளவியல்காரர் சொன்ன ஒரு முறையையும் கூட சேர்த்துக்கங்க, வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே "ஒரு வருஷம் ஆச்சு, இது படுத்துடுச்சு, ஏன் படுத்துச்சு"ன்னு நடந்து முடிஞ்ச மாதிரி கற்பனை பண்ணி எல்லாரும் காரணம் எழுதறது. பயந்து பேசறவங்களை நெகட்டிவ்னு திட்டுவோம் இல்லையா, இதுல பயந்தாதான் மார்க். உங்க அண்ணனுக்கு இதுல நல்ல மார்க் விழும்னு நினைக்கிறேன், அவரோட பயத்துக்கு ஒரு வேலை குடுங்க, அவர் வாயை அடைக்காதீங்க.

ஆன்லைன் மறுபடி பண்ணலாமான்னா, பண்ணலாம், ஆனா பிராண்ட் ரீலாஞ்ச் அது இதுன்னு பெருசா வேணாம். அந்த எட்டுல வேகமா போன மூணு டிசைன், அதுல அதிகம் போன ஒரே ஒரு கலர், ரகத்துக்கு 30 பை, ஆக 90 பை. மொத்த ஆர்டர் துணியிலயே முடிஞ்சா தைங்க, தனியா துணி வாங்காதீங்க. மொத்தமும் போனாலும் ரெண்டு பேருக்கும் தூக்கம் கெடாத தொகையா இருக்கணும், அதை அண்ணன்தான் சொல்லணும், நீங்க இல்ல. அந்த எட்டு டிசைனும் நாலு வருஷம் முந்தின ருசி, இப்ப ஜனங்களுக்கு வேற பிடிக்கலாம்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க, அதுக்குத்தான் 90. வித்துச்சுன்னா வந்த காசுல மட்டும் அடுத்தது தைங்க. ரிட்டர்ன் வந்தா எதுக்கு வந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதுங்க, ஜிப் போச்சா, ஃபோட்டோல ஒரு கலர் நேர்ல ஒரு கலரா, லேப்டாப் உள்ள போகலையா, போன தடவை இதை எழுதி வெச்ச மாதிரி தெரியல.

எனக்கு மூணு விஷயம் எழுதி அனுப்புங்க. குடோன்ல எந்த டிசைன் எந்த கலர் எத்தனை மீதி, அந்த எட்டும் எந்தெந்த மாசம் எவ்வளவு வித்துச்சு, போன 12 மாசத்துல உங்க டாப் அஞ்சு பார்ட்டி மொத்த விற்பனைல எத்தனை சதவீதம். கடைசியை அண்ணனையே கூட்டிப் போடச் சொல்லுங்க, நீங்க போட்டா நம்ப மாட்டார். அதைப் பாத்துட்டு லோன் விஷயத்தைப் பேசுவோம், அதுவரைக்கும் பேங்க்ல எந்தக் கையெழுத்தும் வேணாம்.